தினமும் இழுக்கும் இன்ஹேலர்: அலாரமா, செயலியா, சென்சரா?

தொய்வுக்கு (ஆஸ்துமாவுக்கு) நாள்தோறும் இழுக்கவேண்டிய இன்ஹேலரைத் தவறவிடாமல் எடுக்க எந்தச் செயலி நல்லது? திருகோணமலையில் இந்தக் கேள்வி வீட்டுக்கு வீடு வேறு மாதிரி எழுகிறது. உப்புவெளியில் ஒரு தாய் பள்ளிக்கூடம் போகும் மகனுக்காகக் கேட்பார். கனடாவில் இருக்கும் மகள், மூதூரில் தனியே இருக்கும் அம்மாவுக்காகக் கேட்பாள். சீனன்குடாவில் ஷிப்ட் வேலைக்குப் போகும் இளைஞர் தனக்காகவே கேட்பார். மூவருக்கும் ஒரே செயலியைச் சொல்லிவிட முடியாது. மூவரில் சிலருக்குச் செயலியே தேவைப்படாமலும் போகலாம்.

கைக்கு எட்டக்கூடிய வழிகள் ஐந்து: போன் அலாரமும் கிளினிக் கொப்பியும், பொதுவான மருந்து நினைவூட்டல் செயலி, தொய்வுக்கென்றே செய்த நாட்குறிப்புச் செயலி, இன்ஹேலரில் மாட்டும் சென்சர், வட்ஸ்அப்பில் உறவினர் விசாரிப்பது. எதை எடுத்தாலும் ஒன்றை மறக்கவேண்டாம். திரையில் "எடுத்தேன்" என்று தட்டிய கணக்கைவிட, இன்ஹேலருக்குள் மிஞ்சியிருக்கும் மருந்தின் கணக்கே உண்மையைச் சொல்லும்.

## தெரிவுக்கு முன்: ஏன் தவறுகிறது?

செயலி தீர்ப்பது மறதியை. இன்ஹேலர் தவறுவதற்கு மறதி ஒரு காரணம் மட்டும்தான்.

"இப்ப முட்டு இல்லையே, எதுக்கு இழுக்க?" என்று நிறுத்துவதுதான் அதிகம் காணும் காரணம். அவசரத்துக்கு அடிக்கும் சல்பியூட்டமோல் சில நிமிடத்தில் நெஞ்சைத் திறந்துவிடுகிறது. அதன் வேலை உடனே தெரியும். பெக்லோமெத்தசோன், பியூடசொனைட், புளூட்டிக்கசோன் போன்ற தினமருந்துகள் மூச்சுக்குழாயின் வீக்கத்தை நாட்கணக்காக, வாரக்கணக்காகக் குறைப்பவை. இழுத்த உடனே எதுவும் தெரியாது. விட்ட அன்றும் எதுவும் தெரியாது. கச்சான் காலம் நன்றாகப் போனதால் விட்டவருக்கு, மாரி தொடங்கி வாடை வீசும்போதுதான் தெரியும்.

அடுத்தது பயம். "பம்புக்குப் பழகிப்போகும்", "ஸ்டீரொயிட் உடம்பை ஊதவைக்கும்" என்ற பேச்சு. தினமருந்தில் ஒரு இழுப்பு மைக்ரோகிராம் கணக்கு. முட்டு கடுமையாகி ஆஸ்பத்திரியில் கொடுக்கும் பிரெட்னிசொலோன் குளிசை மில்லிகிராம் கணக்கு, ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம். இரண்டும் வெவ்வேறு மருந்துகள்தான், ஆனாலும் தினமருந்தைப் பயந்து விடுகிறவர் கடைசியில் குளிசைக்குத்தான் போய்ச் சேருகிறார். இந்தப் பயத்தை எந்த அலாரமும் தீர்க்காது. டொக்டரிடமோ கிளினிக் தாதியிடமோ பேசித்தான் தீரும்.

கலியாணப் பேச்சு நடக்கும் வீட்டில் இன்ஹேலரை ஒளித்துவைப்பது, மருந்து தீர்ந்து அடுத்த கிளினிக் திகதிவரை பொறுத்திருப்பது, இழுக்கும் முறையே பிழையாக இருப்பது ஆகியவையும் உண்டு. முறை பிழையென்றால், நூறு வீதம் ஒழுங்காக எடுத்தாலும் மருந்து தொண்டையோடு நின்றுவிடும்.

ஆகவே எதையும் இறக்குவதற்கு முன் ஏழு நாள் ஒரு தாளில் குறியுங்கள். தவறிய ஒவ்வொரு வேளைக்கும் எதிரே ஒரு சொல்: மறந்தேன், தேவையில்லை என்று நினைத்தேன், பயம், தீர்ந்தது, வெளியில் இருந்தேன். பாதிக்கு மேல் "மறந்தேன்" என்று வந்தால் கீழே உள்ள ஒப்பீடு உங்களுக்குத்தான். "தேவையில்லை", "பயம்" என்று வந்தால், அந்தத் தாளையே அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

## எதைப் பார்த்துத் தெரிவு செய்வது

- அது மருந்தை அளக்கிறதா, விரல் தட்டியதை அளக்கிறதா?
- டேட்டா இல்லாமலும், பழைய ஆண்ட்ரொயிட் போனிலும் வேலை செய்யுமா?
- ஒரு வருடத்துக்கு மொத்தச் செலவு என்ன? பணம் மட்டுமல்ல, நேரமும் ரீலோடும் சேர்த்து.
- அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் வேறு கம்பனி மருந்தோ வேறு வகை இன்ஹேலரோ கிடைத்தால் அது தொடர்ந்து பயன்படுமா?
- உங்கள் நோய் விவரத்தை யார் யார் பார்ப்பார்கள்?
- கிளினிக்கில் டொக்டருக்குக் கிடைக்கும் சில நிமிடத்தில் அவர் அதைப் பார்த்துப் பயன்படுத்த முடியுமா?

கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதேயில்லை. நிற நிறமான வரைபடம் பத்துத் திரை தள்ளி இருந்தால், வெளியே நாற்பது பேர் இருக்கும் கிளினிக்கில் அதைத் திறந்து பார்க்க நேரம் கிடைக்காது. கொப்பியில் எழுதிய ஒரு எண்ணைக் கட்டாயம் பார்ப்பார்கள்.

## போன் அலாரமும் கிளினிக் கொப்பியும்

செலவில்லாத வழி. பெரும்பாலானவர்கள் இதில் தொடங்குவதே நல்லது.

போனில் உள்ள கடிகாரத்திலேயே காலை ஒன்று, இரவு ஒன்று என்று இரண்டு அலாரம். பெயரை "தினமருந்து 2 இழுப்பு" என்று தமிழிலேயே எழுதலாம். சிக்னல் வேண்டாம், டேட்டா வேண்டாம். பறக்கும் நிலையிலும் அடிக்கும். போன் அணைந்திருந்தால் மட்டும் பெரும்பாலான போன்களில் அடிக்காது, அதனால் இரவில் சார்ஜில் போட்டுவிடுங்கள்.

நேரத்தை மணியோடு கட்டுவதைவிடப் பல் தீட்டுவதோடு கட்டினால் நிலைக்கும். இழுத்தபின் வாய் கொப்பளிக்கவேண்டும். கொப்பளிக்காவிட்டால் தொண்டையில் வெள்ளை படர்ந்து புண் வரலாம், குரல் கம்மலாம். பல் தீட்டுவதற்குச் சற்று முன் இழுத்தால் கொப்பளிப்பது தானாகவே நடந்துவிடும். ஆனால் இன்ஹேலரைக் கிணற்றடியிலோ குளியலறையிலோ வைக்கவேண்டாம். பவுடர் இன்ஹேலரும் அதன் கப்ஸ்யூலும் ஈரம் பட்டால் கட்டிபடும். பல்தூரிகையை வீட்டுக்குள் இன்ஹேலர் இருக்கும் தட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

இனி கணக்கு. 200 இழுப்பு உள்ள வாயுப் பம்பில் காலை 2, இரவு 2 என்றால் நாளுக்கு 4. அது 50 நாளைக்கு வரும். தொடங்கிய திகதியைப் பம்பின் பிளாஸ்டிக்கில் அழியாத பேனையால் எழுதுங்கள். 30ஆம் நாள், மிஞ்சிய இழுப்பைக் காட்டும் பின்புறக் கவுண்டரில் 116 என்று நின்றால் போனது 84. போகவேண்டியது 120. 84ஐ 120ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 70 வீதம். புதுப் பம்பை முதலில் காற்றில் அடித்துத் தயார் செய்த இழுப்புகளைப் போனதிலிருந்து கழித்துவிடுங்கள்.

கப்ஸ்யூல் போட்டு இழுப்பவர்களுக்கு இன்னும் சுலபம். நாளுக்கு 2 என்று 30 நாளுக்கு 60 கப்ஸ்யூல் கிடைத்தது, அடுத்த கிளினிக் அன்று 18 மிஞ்சியிருக்கிறது என்றால் எடுத்தது 42. அதுவும் 70 வீதம். ஆய்வுகளில் வழக்கமாக 80 வீதத்துக்கு மேல் இருந்தால்தான் "ஒழுங்காக எடுக்கிறார்" என்று கணக்கில் எடுப்பார்கள்.

கவுண்டர் இல்லாத பம்ப் என்றால் சிக்கல்தான். தண்ணீரில் மிதக்கவிட்டு மருந்து இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அது சரியான விடை தராது. வால்வுக்குள் தண்ணீரும் போய்விடும். குலுக்கினால் சத்தம் கேட்பதும் ஆதாரமல்ல, மருந்து தீர்ந்தபின்னும் உந்துவாயு மிஞ்சி விசிறும். அப்படிப்பட்ட பம்புக்குக் கலண்டரில் கோடு போடுவதுதான் வழி: ஒரு வேளைக்கு ஒரு கோடு, 200 இழுப்பு முடியும் திகதியில் ஒரு வட்டம்.

இந்த வழியின் மறைந்த செலவு பழக்கம். இரண்டு வாரம் போனதும் கை தானாகவே அலாரத்தை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணிக்குப் போகும். அலாரம் அடித்தது நினைவிருக்கும், இழுத்தது நினைவிருக்காது. மருந்தை இழுத்து முடிக்கும்வரை அலாரத்தை நிறுத்துவதில்லை என்று ஒரு விதி வையுங்கள். சத்தத்தையும் மாதமொருமுறை மாற்றுங்கள்.

ஷிப்ட் வேலைக்காரருக்கும் இரவில் கடலுக்குப் போகிறவருக்கும் நிலையான மணி சரிவராது. அவர்கள் "கடலுக்கு இறங்கமுன், கரைக்கு வந்து பல் தீட்டும்போது" என்று செயலோடு கட்டவேண்டும். தினமருந்து வீட்டில் நிற்கலாம். அவசர பம்ப் மட்டும் தண்ணீர் புகாத பையில் கூடவே போகவேண்டும். மோட்டார் சைக்கிள் இருக்கைக்குக் கீழேயும் ஓட்டோவின் கண்ணாடி ஓரத்திலும் பம்பை வைக்கவேண்டாம். 30 பாகைக்குக் கீழே வைக்கச் சொல்லும் மருந்து அது. அழுத்தத்தில் அடைத்த டப்பா என்பதால் கடும் சூட்டில் வெடிக்கவும் கூடும்.

நோன்பு காலத்தில் கிண்ணியா, மூதூர் வீடுகளில் காலை ஏழு மணி அலாரம் பயன்படாது. நாளுக்கு இருமுறை எடுக்கும் மருந்தைச் சஹர் நேரத்துக்கும் இப்தாருக்குப் பின்னும் என்று மாற்றலாம்; டொக்டரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு, அலாரத்தையும் முதல் நாளே மாற்றிவிடுங்கள். அவசர பம்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பின்போடக்கூடாது.

## பொதுவான மருந்து நினைவூட்டல் செயலி

மெடிசேப், மைதெரபி போன்றவை. மருந்தின் பெயர், வேளை, அளவு கொடுத்தால் நேரத்துக்கு ஒலிக்கும். "எடுத்தேன்", "தவிர்த்தேன்" என்று தட்டவேண்டும். மாத முடிவில் வீதம் காட்டும், மருந்து தீரப்போகிறது என்றும் சொல்லும்.

அலாரத்தைவிட இது எங்கே உயர்த்தி? பல மருந்து எடுப்பவருக்கு. தொய்வோடு பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் குளிசை எடுக்கும் ஒருவருக்கு ஆறேழு அலாரம் வைப்பதைவிட ஒரு செயலி ஒழுங்கு. அடுத்து, மருந்து தீரும் எச்சரிக்கை. அதை "தீரும் நாளில்" என்று விடாமல் 7 நாளுக்கு முன் என்று மாற்றுங்கள். வெருகல், ஈச்சிலம்பற்றிலிருந்து நகரத்துக்கு வரவேண்டியவருக்கு அந்த ஏழு நாள் பெரிய உதவி. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லையென்றால் வெளிப் பாமசியில் தேடவும் காலம் வேண்டும். 2022இன் தட்டுப்பாட்டுக் காலத்தைக் கடந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

இங்கே அடிக்கடி பிழைப்பது செயலியின் மணி அடிக்காமல் போவது. குற்றம் பெரும்பாலும் போனின் பற்றரிச் சிக்கன அமைப்பில் இருக்கும். திரை அணைந்து நெடுநேரம் கிடந்தால் பின்னணியில் ஓடும் செயலியைப் போன் உறங்கவைத்துவிடும். இறக்கியவுடன் நான்கு வேலை செய்யுங்கள்:

1. செட்டிங்ஸில் அந்தச் செயலியைத் திறந்து அறிவிப்புக்கு அனுமதி கொடுங்கள். ஆண்ட்ரொயிட் 13இலிருந்து இந்த அனுமதியைச் செயலி கேட்கும்போது அவசரத்தில் "வேண்டாம்" என்று தட்டியவர்கள் பலர்.
2. பற்றரிப் பகுதியில் "கட்டுப்பாடில்லை" என்பதைத் தெரிவுசெய்யுங்கள். ரெட்மி போன்ற போன்களில் "ஓட்டோஸ்டார்ட்" அனுமதியும் வேண்டும்.
3. "அலாரமும் நினைவூட்டலும்" என்ற அனுமதி இருந்தால் அதையும் திறந்துவிடுங்கள். ஆண்ட்ரொயிட் 14இல் புதிதாக இறக்கும் பல செயலிகளுக்கு இது மூடியே இருக்கும்.
4. ஐந்து நிமிடம் தள்ளி ஒரு வேளை போட்டு, திரையை அணைத்துவிட்டுப் பாருங்கள். அது அடித்தால் போதாது. அடுத்த நாள் காலை, இரவு முழுக்கத் தொடாமல் கிடந்த போனில் அடிக்கிறதா என்பதே உண்மையான சோதனை.

மருந்துப் பட்டியலில் ஆங்கிலப் பெயர் வந்தாலும், உங்கள் குறிப்பில் "தினமருந்து", "அவசர பம்ப்" என்று எழுதுங்கள். நிறத்தை எழுதவேண்டாம். நீலம் அவசரத்துக்கு, மண்ணிறம் தினத்துக்கு என்பது பல கம்பனிகளின் வழக்கம், எல்லாக் கம்பனிக்கும் பொருந்தாது. ஆஸ்பத்திரியில் கிடைக்கும் கம்பனி மாறும்போது நிறமும் மாறலாம். 100 மைக்ரோகிராம் பம்புக்குப் பதில் 250 கிடைத்தால் இழுப்பு எண்ணிக்கையும் மாறலாம்; டொக்டர் எழுதியதைப் பார்த்துச் செயலியில் அன்றைக்கே திருத்துங்கள். திருத்தாவிட்டால் செயலி மாதக்கணக்காகப் பிழையான அளவை ஒழுங்காக நினைவூட்டிக்கொண்டிருக்கும்.

அவசர பம்பை நேர அட்டவணையில் போடவேகூடாது. அது தேவைக்கு மட்டும். ஆனால் அடித்த ஒவ்வொரு தடவையையும் பதிவுசெய்யுங்கள். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்பட்டால் தொய்வு கட்டுக்குள் இல்லை என்று பொருள். சர்வதேச தொய்வு வழிகாட்டியான ஜீனா, 200 இழுப்பு சல்பியூட்டமோல் பம்ப் வருடத்துக்கு மூன்றும் அதற்கு மேலும் முடிந்தால் கடும் முட்டு வரும் அபாயம் கூடுகிறது என்கிறது. பன்னிரண்டும் அதற்கு மேலும் என்றால் உயிராபத்தே கூடுகிறது. தினமருந்து நூறு வீதம் என்று செயலி பாராட்டும் அதே மாதத்தில் அவசர பம்ப் ஒன்று தீர்ந்திருந்தால், நம்பவேண்டியது பம்பை.

பியூடசொனைட், போர்மொட்டெரோல் சேர்ந்த ஒரே இன்ஹேலரைத் தினத்துக்கும் அவசரத்துக்கும் எடுக்கச் சொல்லியிருந்தால் செயலியின் வீதக் கணக்கு குழம்பும். 130 வீதம் என்று வந்தால் பெருமைப்படவேண்டாம். மேலதிக இழுப்பு தேவைப்பட்டிருக்கிறது, அதுதான் செய்தி.

மறைந்த செலவு இரண்டு. ஒன்று, வெறுமனே தட்டிவிடுவது: பஸ்ஸில் போகும்போது ஒலிக்கும், "வீட்டுக்குப் போய் எடுப்பம்" என்று "எடுத்தேன்" தட்டிவிடுவோம், வீட்டில் மறந்துபோகும். அப்படியான நேரத்தில் "எடுத்தேன்" என்பதற்குப் பதில் "பிறகு நினைவூட்டு" என்பதைத் தட்டப் பழகுங்கள். மற்றது அந்தரங்கம். பூட்டிய திரையிலும் மருந்தின் பெயர் தெரியும்படிதான் பல போன்கள் இருக்கும். வீட்டில் எல்லோரும் எடுக்கும் போன் என்றால் அறிவிப்பின் உள்ளடக்கத்தை மறைத்துவிடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் இருந்தாலும், உங்கள் பதிவு எந்த நாட்டுச் சேவரில் கிடக்கும் என்பதைச் செயலியின் நிபந்தனைகள்தான் சொல்லும். தேசிய அடையாள அட்டை இலக்கம் கேட்கும் நினைவூட்டல் செயலி எதுவும் வேண்டாம். மணி அடிக்க அது தேவையில்லை.

## தொய்வுக்கென்றே உள்ள நாட்குறிப்புச் செயலி

இவை அறிகுறி, இரவில் விழித்தது, பீக் புளோ அளவு (பலமாக ஊதும்போது வரும் மூச்சின் வேகம்), தூசி, புகை போன்ற காரணிகளைப் பதியக் கேட்கும். மருந்தைத் தவறவிடாமல் இருக்க இவை பெரிதாக உதவாது, பதியும் வேலைதான் கூடும். நாளுக்கு ஐந்தாறு கேள்விக்குப் பதில் எழுதும் பொறுமை முதல் மாதத்தோடு தீர்ந்துவிடுவது இயல்பு.

பயன்படும் இடம் ஒன்றுண்டு. டொக்டர் மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுக்கும் நான்கு வாரம். தொய்வுக் கட்டுப்பாட்டுச் சோதனை என்ற ஐந்து கேள்விப் பட்டியல் இப்படியான செயலிகள் சிலவற்றில் இருக்கும், தாளிலும் கிடைக்கும். மொத்தம் 25 புள்ளி. 19உம் அதற்குக் கீழும் என்றால் கட்டுக்குள் இல்லை. மாதத்தில் ஒருநாள், கிளினிக்குக்கு முதல் நாள் இரவு நிரப்பினால் போதும்.

## இன்ஹேலரில் மாட்டும் சென்சர்

அமெரிக்காவின் புரொப்பெல்லர், நியூசிலாந்தின் ஹெய்லி ஆகியவை இந்த வகை. பம்பின் தலையிலோ உடலிலோ மாட்டினால் அழுத்திய நேரத்தை புளூடூத் வழியே போனுக்கு அனுப்பும். தட்டவேண்டியதில்லை, ஏமாற்றுவதும் கடினம்.

இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. நியூசிலாந்தின் ஒக்லாந்தில் 6 முதல் 15 வயதுவரையான 220 பிள்ளைகளோடு நடத்தி 2015இல் வெளிவந்த ஆய்வில், இரு பகுதியாருக்கும் இன்ஹேலரில் பதியும் கருவி மாட்டினார்கள். ஒரு பகுதியாருக்கு மட்டும் அது நேரத்துக்கு ஒலித்தது. ஒலித்த பகுதியில் மருந்து எடுத்தது நடுவளவில் 84 வீதம். ஒலிக்காத பகுதியில் 30 வீதம். ஒலி வந்தது போனிலிருந்தல்ல, மருந்து இருக்கும் கருவியிலிருந்தே. அலாரம் வைப்பவர்கள் இதிலிருந்து எடுக்கவேண்டிய பாடம்: இரவில் போன் சார்ஜாகும் இடத்திலேயே இன்ஹேலரையும் வையுங்கள். பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2022இல் வெளியிட்ட மதிப்பாய்வு இலத்திரனியல் வழிகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தது. வழமையான பராமரிப்போடு ஒப்பிட்டால் மருந்து எடுக்கும் வீதம் சராசரியாக ஏறத்தாழ 15 வீதப் புள்ளி கூடியிருந்தது. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் பாதி வேளை தவறுகிறவரை முழுதாக ஒழுங்குக்குக் கொண்டுவர அது போதாது.

எங்கள் நிலைமையில் இடறும் இடங்கள் வேறு. சென்சர் குறிப்பிட்ட கம்பனியின் குறிப்பிட்ட வடிவப் பம்புக்கே பொருந்தும். கிளினிக்கில் இந்த மாதம் ஒரு கம்பனி, அடுத்த மாதம் இன்னொன்று, அதற்கடுத்து கப்ஸ்யூல் என்று கிடைத்தால் சென்சர் லாச்சிக்குள் போய்விடும். லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ உறவினர் கொண்டுவந்து தந்தாலும், அதன் செயலி இலங்கைக் கணக்கில் இறங்குமா என்பதை வாங்கமுன் பார்க்கவேண்டும். பற்றரி மாற்றமுடியாத சென்சரும் உண்டு. முடிந்தால் புதிதுதான் வாங்கவேண்டும். கம்பனியே கைவிட்டால் கருவி ஊமையாகிவிடும். டேவா கம்பனி இன்ஹேலருக்குள்ளேயே சென்சர் வைத்துச் செய்த டிஜிஹேலர் அமெரிக்காவில் 2018இல் அனுமதி பெற்றது. சில வருடத்திலேயே கம்பனி அதை நிறுத்திவிட்டது.

பல சென்சர்கள் அழுத்தியதை அளப்பவை. மூச்சு உள்ளே போனதை அளப்பவை குறைவு. காற்றில் இரண்டு அழுத்து அழுத்தினாலும் அவற்றுக்கு அது மருந்துதான்.

ஆனாலும் இது பொருத்தமான இடம் உண்டு. அடிக்கடி ஆஸ்பத்திரியில் விழும் ஒருவர், தனியார் டொக்டரிடம் தொடர்ந்து ஒரே கம்பனி மருந்து வாங்குகிறார், மருந்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள், உண்மையில் எடுக்கிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. அப்படியான நேரத்தில் இரண்டு மூன்று மாதப் பதிவு வீண் மருந்தையும் வீண் செலவையும் தவிர்க்கும்.

## வட்ஸ்அப்பில் விசாரிப்பது

கனடாவிலிருந்து மகள் ஒவ்வொரு இரவும் கேட்கிறாள்: "அம்மா, பம்ப் இழுத்தீங்களா?" பதில் வருகிறது: "ஓம்." மகளுக்கு மனநிறைவு, அம்மாவுக்கு அவளோடு பேசிய சந்தோசம். மருந்து உள்ளே போனதா என்பது மட்டும் தெரியாது.

கேள்வியை மாற்றினால் இதுவே வலுவான வழியாகும். தினமும் கேட்பதை விட்டு, ஞாயிறு தோறும் "கவுண்டரைப் படம் எடுத்து அனுப்புங்க அம்மா" என்று கேளுங்கள். போன ஞாயிறு 172, இந்த ஞாயிறு 150 என்றால் போனது 22, போகவேண்டியது 28. விட்ட ஆறு இழுப்பைப் பற்றிக் கோபமில்லாமல் பேசலாம். மாதத்துக்கு ஒருமுறை அம்மா இழுப்பதை வீடியோ அழைப்பில் பாருங்கள். பார்க்கவேண்டியவை:

- வாயுப் பம்ப்: குலுக்கி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, உதட்டால் இறுக்கிப் பிடித்து, மெதுவாக நான்கைந்து செக்கன் இழுக்கத் தொடங்கும்போதே ஒருதடவை அழுத்தி, பத்து செக்கன் மூச்சைப் பிடிக்கவேண்டும். அடுத்த இழுப்புக்கு அரை நிமிடமாவது பொறுக்கவேண்டும்.
- பவுடர் இன்ஹேலர்: குலுக்கத் தேவையில்லை, வேகமாக, பலமாக இழுக்கவேண்டும். இன்ஹேலருக்குள் மூச்சு விடக்கூடாது, மூச்சின் ஈரம் உள்ளே போய்விடும். இழுத்தபின் கப்ஸ்யூலைத் திறந்து பாருங்கள். பவுடர் மிஞ்சியிருந்தால் மறுபடி இழுக்கவேண்டும். கப்ஸ்யூலைக் குளிசை என்று விழுங்கியவர்களும் இருக்கிறார்கள்.

வாயுப் பம்பை வேகமாகவும் பவுடரை மெதுவாகவும் இழுப்பதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தலைகீழ்ப் பிழை, குறிப்பாக ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறிய மாதத்தில். கை நடுங்கும் வயதானவருக்கும் சின்னப் பிள்ளைக்கும் ஸ்பேசர் (பம்பின் வாயில் பொருத்தும் பிளாஸ்டிக் குழாய்) வேண்டும். அதைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் தானாகக் காயவிடுங்கள். துணியால் உரசித் துடைத்தால் நிலைமின் ஏறி மருந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும்.

இதன் செலவு உறவில் விழக்கூடும். விசாரணை பொலிஸ் விசாரணையாக மாறினால் அம்மா ஞாயிறு காலை காற்றில் அடித்துக் கவுண்டரைச் சரிப்படுத்துவார்.

## ஒரே பார்வையில்

| | அலாரம், கொப்பி | பொதுச் செயலி | தொய்வு நாட்குறிப்பு | சென்சர் | வட்ஸ்அப் |
|---|---|---|---|---|---|
| எதை அளக்கிறது | மிஞ்சிய மருந்தை | தட்டியதை | எழுதியதை | அழுத்தியதை | கவுண்டர் படத்தை |
| டேட்டா | வேண்டாம் | அமைக்கும்போது | பெரும்பாலும் வேண்டும் | வேண்டும் | வேண்டும் |
| பணம் | இல்லை | இல்லை அல்லது குறைவு | இல்லை அல்லது குறைவு | அதிகம் | ரீலோட் மட்டும் |
| மருந்து மாறினால் | பாதிப்பில்லை | திருத்தவேண்டும் | திருத்தவேண்டும் | பயனற்றுப் போகலாம் | பாதிப்பில்லை |
| கிளினிக்கில் பயன் | கொப்பியில் ஒரு எண் | மாத வீதம் | ஐந்து கேள்விப் புள்ளி | நேரப் பதிவு | முறையைத் திருத்திய வீடியோ |
| முறிவது எங்கே | பழகிப்போதல் | மணி அடிக்காமை, வெறும் தட்டல் | சலிப்பு | பொருந்தாமை | கண்டிப்பு |

## யாருக்கு எது

உப்புவெளித் தாய்க்கு: மகனின் காலை, இரவு மருந்து இரண்டும் வீட்டிலேயே முடிவதால் அலாரமும் கவுண்டரும் போதும். சமையலறையில் தாயின் போன் ஒலிப்பதைவிட, பல்தூரிகை இருக்கும் தட்டில் ஒரு பழைய போனை வைத்து அதிலேயே ஒலிக்கவிடுங்கள். பள்ளிப் பையில் அவசர பம்பும் ஸ்பேசரும், வகுப்பாசிரியருக்கு ஒரு துண்டுக் குறிப்பும். மகன் பதின்மூன்று பதினான்கு வயதாகித் தன் போனில் தானே பார்க்கவேண்டும் என்று கேட்கும்போது செயலிக்கு மாறலாம்.

மூதூர் அம்மாவுக்கு: அலாரம், ஞாயிறு படம், மாதம் ஒரு வீடியோ அழைப்பு. செயலியை அம்மாவின் போனில் போட்டுக்கொடுத்துவிட்டுப் போவது பலன் தராது. அடுத்த அப்டேட்டில் அனுமதி மாறினால் திருத்த வீட்டில் ஆளில்லை.

சீனன்குடா இளைஞருக்கு: பொதுச் செயலி. ஷிப்டுக்கு ஒன்றாக இரண்டு அட்டவணை அமைத்து வாரத்துக்கு ஏற்ப மாற்றலாம். ஒவ்வொரு கிழமையும் மாற்ற மறந்தால் அலாரத்துக்குத் திரும்பி, செயலோடு கட்டுவது நல்லது. வேலைத்தளத் தூசியில் முட்டு கூடினால் அதை நாட்குறிப்பில் பதிந்து டொக்டரிடம் காட்டுவதும் அவருக்குத் தேவை.

இவற்றில் எதுவும் கடும் முட்டை அறிந்து உதவிக்கு அழைக்காது. ஒரு வசனத்தை முழுதாகப் பேசமுடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், அவசர பம்ப் அடித்தும் அடங்காவிட்டால், அல்லது அடங்கி நான்கு மணித்தியாலத்துக்குள் மறுபடி வந்தால், செயலியைத் திறக்காமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸுக்குக் காசில்லை. வரும்வரை நிமிர்ந்து உட்கார்ந்து, கொப்பியில் டொக்டர் எழுதித் தந்த அளவில் அவசர பம்பைத் தொடருங்கள்.

மாரிக்கு முன், ஆவணி புரட்டாதியிலேயே தொடங்கிவிடுவது நல்லது. தினமருந்து வேலையைக் காட்டச் சில வாரம் எடுக்கும். பழக்கம் ஊறுவதற்கும் அதே அளவு காலம் வேண்டும். எதைத் தெரிவு செய்தாலும் முப்பது நாள் ஓடவிட்டுக் கவுண்டரைப் பாருங்கள். 80க்கு மேல் என்றால் அப்படியே தொடருங்கள். 80க்குக் கீழே, காரணம் இன்னும் மறதிதான் என்றால் அடுத்த வழிக்கு மாறுங்கள். காரணம் வேறென்றால் செயலியை மாற்றுவதில் பயனில்லை.

கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதவேண்டியது இவ்வளவுதான்:

"தொடங்கியது 12ஆம் திகதி, கவுண்டர் 200. 30 நாள் முடிந்தபோது கவுண்டர் 96. போனது 104, போகவேண்டியது 120. 87 வீதம். அவசர பம்ப் இந்த மாதம் 5 தடவை, இரவில் விழித்தது ஒரு நாள்."